துப்பாக்கியில் மாட்டிக் குறி பார்க்கும் என் பழைய வீவர் கே4 ஸ்கோப்பில் (தொலைநோக்கியில்) பனி படிகிறது, எப்படிச் சரி செய்வது?

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்ததும் போய்விட்டால் வெளிப்பனிதான். கதகதப்பான அறையிலிருந்து குளிருக்குள் எடுத்துப் போகும்போது உங்கள் மூச்சு பட்டாலே கண் வைக்கும் பக்கம் மூடிக்கொள்ளும். குளிரிலிருந்து உள்ளே கொண்டுவந்தாலோ முழுக்க வியர்க்கும். அதனால் வேட்டை நாட்களில் துப்பாக்கியைப் பூட்டிய, குளிர்ச்சியான இடத்திலேயே வையுங்கள், குறி பார்க்கும்போது மூச்சைப் பக்கவாட்டில் விடுங்கள், போதும்.

துடைத்தும் போகவில்லையென்றால் ஈரம் குழாய்க்குள் இருக்கிறது. இப்போதைய ஸ்கோப்புகளில் உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி ரப்பர் வளையங்களால் அடைத்திருப்பார்கள். டெக்சஸின் எல் பாசோவில் செய்த அந்தப் பழைய வீவர் இரும்புக் குழாய்களில் அடைப்பு இந்நேரம் காய்ந்து இறுகியிருக்கும், காற்று சுலபமாகப் போய்வரும். ஸ்கோப்பைக் கழற்றி, டரட் (குறியைத் திருத்தும் திருகு) மூடிகளைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறையப் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் சில நாள் மூடி வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் புதிதாக மாற்றுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் அடைப்பு மாற்றாதவரை ஈரம் திரும்ப வரும், நிரந்தரத் தீர்வுக்கு வளையங்களை மாற்றி நைட்ரஜன் நிரப்பித் தரும் ஆப்டிக்ஸ் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

தயவுசெய்து ஹேர் டிரையர், ஓவன் (சூட்டடுப்பு) பக்கம் போகாதீர்கள்! பழைய லென்ஸ்களை ஒட்டியிருக்கும் பிசின் சூட்டில் இளகிப் பிரிந்துவிடும். அப்புறம், வெயிலோ குளிரோ மாறாமல் நிற்கும் வெள்ளைப் படலம், நூல் நூலாகப் படர்ந்த கறை இருந்தால் அது பனியே இல்லை, பிசின் கெட்டிருக்கலாம் அல்லது பூஞ்சையாக இருக்கலாம். திரும்ப மாட்டியதும் குறியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.