இதயம் மாத்தினவருக்கு மூக்கடைப்பு, குரல் கம்மல்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 56 வயசு, இதய மாற்று ஆபரேஷன் முடிஞ்சு 7 மாசம் ஆச்சு. அப்பலேர்ந்தே குரல் கம்மியே இருக்கு. இப்ப 10 நாளா ஒரு பக்கம் மூக்கடைப்பு, கன்னத்துல வலி, காய்ச்சல் இல்ல. மெடிக்கல்ல கிளாரித்ரோமைசின் குடுத்தாங்க, போடலாமா?

பதில்: போடவேண்டாம்மா. ஏற்கனவே ஆரம்பிச்சிருந்தா இன்னிக்கே டிரான்ஸ்பிளான்ட் டீமுக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க. புது இதயத்த உடம்பு ஒதுக்காம இருக்க அவர் சாப்பிடுற டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாதிரி மாத்திரைய உடம்பு கரைச்சு வெளியேத்தவிடாம இந்த ஆன்டிபயாடிக் தடுத்துடும், ரத்தத்துல அளவு ஏறி கை நடுங்க ஆரம்பிக்கும், கிட்னிக்கும் அடி விழும். அதுக்காக டாக்ரோலிமஸ நீங்களா குறைச்சுடாதீங்க, அது இன்னும் ஆபத்து. வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம்.

காய்ச்சல் இல்லைன்னு நிம்மதியா இருக்காதீங்க, எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து காய்ச்சலையே மறைச்சிடும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதே பக்கம் கன்ன வலின்னா சாதாரண சைனஸாவும் இருக்கலாம், ஆனா இவங்களுக்கு பூஞ்சை இல்லைன்னு உறுதி பண்ணாம விடக்கூடாது, அதனால நாளைக்குள்ள இஎன்டி டாக்டர் மூக்குக்குள்ள ஸ்கோப் விட்டுப் பாக்கணும், தேவைப்பட்டா சிடி எடுப்பாங்க. இன்னிக்கு ராத்திரி டார்ச் அடிச்சு அவர் மேலண்ணத்தப் பாருங்க. அங்க கருப்பா திட்டு, மூக்குல கருப்பு பொருக்கு, கன்னம் மரத்துப்போறது, கண் வீங்கறது, ரெண்டு ரெண்டா தெரியறது, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியற வரைக்கும் காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. மியூக்கர்ங்கற கருப்பு பூஞ்சை அவ்வளவு வேகமா பரவும்.

குரல் விஷயம் வேற. இடது குரல்நாணுக்குப் போற நரம்பு நெஞ்சுக்குள்ள இறங்கி, இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயான மகாதமனிய சுத்திட்டுத்தான் தொண்டைக்குத் திரும்புது, ஆபரேஷன்ல அது இழுபட்டிருக்கலாம், இல்ல மூச்சுக்குழாய்ல டியூப் போட்டதுல காயம் ஆகியிருக்கலாம். 7 மாசமாவே சரியாகலைன்னா அதையும் அதே விசிட்லயே பாக்கச் சொல்லுங்க. தண்ணி குடிக்கறப்ப புரையேறுதான்னு கவனிங்க, ஏன்னா அது நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா ஆச்சுன்னா இவருக்குத் தாங்கறது கஷ்டம். பேச்சுப் பயிற்சி இருக்கு, குரல்நாண்ல போடுற ஊசியும் இருக்கு, மனசு விட்டுடாதீங்க. கழுத்துல கட்டி, ஒரு பக்கம் மட்டும் டான்சில் பெருத்துருக்கறது தெரிஞ்சா அதையும் சொல்லுங்க, எதிர்ப்பு சக்திய அடக்குற இந்த மாத்திரைகளால நிணநீர்ப் புற்றுநோய் மாதிரி கட்டிகள் வரலாம்.

போறப்ப மாத்திரை லிஸ்ட் முழுசா எடுத்துட்டுப் போங்க. டாக்ரோலிமஸ் அளவு பாக்க ரத்தம் எடுக்கறதா இருந்தா காலை டோஸக் கையில வச்சுக்கிட்டு, ரத்தம் குடுத்த உடனே போட்டுக்கச் சொல்லுங்க.