மூணு எர்லாங்குக்கு மூணு லைன் போதுமா? – கேள்வி பதில்

பினாங்கில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். இன்று மதியம் வரை இருப்பேன், கேளுங்கள். லைன் கணக்கு கேட்பவர்கள் மட்டும் பிஸி அவரில், அதாவது கூட்டம் அதிகமான அந்த ஒரு மணி நேரத்தில், எத்தனை அழைப்பு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். நாள் சராசரி வேண்டாம்.

பட்டர்வொர்த் வாசகர்: எர்லாங் என்றால் லைனா, நிமிஷமா அண்ணே?

இரண்டும் இல்லை, லைன்களில் எவ்வளவு பேச்சு ஓடுகிறது என்று காட்டும் வெறும் எண். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சிலேயே இருந்தால் ஒரு எர்லாங். இரண்டு லைன் ஆளுக்கு அரை மணி பேசினாலும் அதே ஒன்றுதான்.

ஜார்ஜ்டவுன் கிளினிக்: நாளுக்கு 200 அழைப்பு வருது ஐயா. எத்தனை லைன் போடணும்?

நாள் கணக்கு வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னேன் தங்கச்சி! பிறகு தனியாகக் கேட்டதில் காலை 9 முதல் 10 வரை 60 அழைப்பு, தலைக்கு 3 நிமிஷம் என்றீர்கள். அப்படிக் கேளுங்கள். 60 பெருக்கல் 3, 180 நிமிஷம். அறுபதால் வகுத்தால் 3 எர்லாங்.

"அப்போ 3 லைன் போதும்" என்று முதலாளி சொல்வார், விட்டுவிடாதீர்கள். நோயாளிகள் வரிசை பிடித்துக்கொண்டு ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்றா அழைக்கிறார்கள்? ஐந்து பேர் ஒன்றாக அடிப்பார்கள், பிறகு பத்து நிமிஷம் ஈயாடும். 3 எர்லாங்குக்கு 3 லைன் போட்டால் நூற்றுக்கு 35 பேருக்கு எங்கேஜ்ட். 5 லைனில் 11 பேருக்கு. நூற்றில் ஒருவருக்குக் குறைவாக வேண்டுமென்றால் 8 லைன். இதுதான் எர்லாங் பி கணக்கு. அதிலும் ஒரு பொய் இருக்கிறது: எங்கேஜ்ட் கேட்டவர் பேசாமல் போய்விடுவார் என்று அது வைத்துக்கொள்கிறது. நம்ம ஆட்கள் போவார்களா? தீபாவளிக் காலையில் ரீடயல் பட்டனை விட்டு விரல் எடுக்காதவர்கள் நாம்.

கிள்ளான் வாசகர்: பழைய மேனுவலில் சிசிஎஸ் என்று இருக்கிறது. அது என்ன?

அமெரிக்கக்காரர்கள் அளவு, நூறு அழைப்பு-வினாடி. ஒரு மணியில் 3600 வினாடி, ஆக ஒரு எர்லாங் 36 சிசிஎஸ். கிளினிக்கின் 3 எர்லாங், 108 சிசிஎஸ். அங்கே டிராஃபிக்கை, அதாவது அழைப்புக் கூட்டத்தை, அளந்த பழைய கருவி நூறு வினாடிக்கு ஒருமுறை எந்தெந்த லைன் பேச்சில் இருக்கிறது என்று எட்டிப்பார்க்கும், அதனால் நூறு வசதியாக இருந்தது. ஐரோப்பிய உபகரணத்தில் எர்லாங் இருக்கும். ஒரே தாளில் இரண்டையும் கலந்தால் 36 மடங்கு தப்பு. அப்படி ஒரு டெண்டர் என் கைக்கு வந்திருக்கிறது. சிரித்து முடிக்க ஒரு டீ ஆச்சு.

தைப்பிங் வாசகர்: எர்லாங் ஆள் பெயரா?

ஆமாம், டென்மார்க் கணிதக்காரர் ஆக்னர் க்ராரப் எர்லாங், 1878இல் பிறந்தவர். 1908இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார். 1917இல் வந்த கட்டுரையில்தான் நாம் இன்னும் போடும் சூத்திரங்கள் இருக்கின்றன. ஏணி தூக்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் மேன்ஹோலில் இறங்கி அளந்தார் என்பார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். 1929இல் இறந்தார். அளவுக்கு அவர் பெயர் 1946இல்தான் வந்தது.

ஈப்போ மாணவர்: எர்லாங் கோடிங் சொல்லித் தருவீர்களா?

அது எரிக்சன் கம்பெனியில் பிறந்த கணினி மொழி, இவர் பெயர்தான். எனக்குத் தெரியாது, தம்பி. வேறு ஆளைப் பிடியுங்கள்.

பாயான் லெப்பாஸ் கால் சென்டர்: எங்களிடம் எங்கேஜ்ட் வராது, பாட்டு ஓடும். அதே கணக்கா?

இல்லை, காத்திருப்பவர்களுக்கு எர்லாங் சி. அதே 3 எர்லாங், 4 பேர் போன் எடுத்தால் பாதிப்பேர் காத்திருப்பார்கள், சராசரிக் காத்திருப்பு ஒன்றரை நிமிஷம். ஐந்தாவது ஆளை உட்கார வைத்தால் 21 வினாடியாக இறங்கிவிடும். 3 பேரை மட்டும் வைத்தால் வரிசை வளர்ந்துகொண்டே போகும், எங்கும் நிற்காது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: சேல்ஸுக்கு 10 லைன், சர்வீஸுக்கு 10 லைன் தனித்தனியா வச்சிருக்கேன். சேர்க்கச் சொல்றாங்க. தேவையா?

சேருங்கள். நூற்றுக்கு ஒரு எங்கேஜ்ட் என்ற அளவில் 10 லைன் 4.46 எர்லாங் தாங்கும். இரண்டு பத்து, கிட்டத்தட்ட 9. ஒரே இருபதாகச் சேர்த்தால் 12. காசு செலவில்லாமல் 3 எர்லாங் கூடுகிறது.

மீண்டும் அவரே: பேப்பரில் சரி. விளம்பரம் போட்ட அன்னைக்கு சேல்ஸ் கூட்டம் இருபதையும் பிடிச்சுக்கிச்சுன்னா, ஏர்கான் ஓடலைன்னு சர்வீஸுக்கு அடிக்கிற ஆள் எங்க போவார்?

நியாயமான அடி. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மாமா ஒருவரே குளியலறையைப் பிடித்துக்கொள்வது போலத்தான். ஆளுக்கு 8 தனியாக, 4 பொதுவாக வையுங்கள். தன் எட்டும் நிறைந்தால் மட்டும் பொதுவுக்கு வழியட்டும். ஒரு எச்சரிக்கை: வழிந்து வரும் டிராஃபிக் கொத்துக்கொத்தாக வரும், அந்த நாலுக்கு எர்லாங் பட்டியலை அப்படியே போட்டால் ஏமாறுவீர்கள்.

செராஸ் வாசகர், குறுக்கே: இப்ப எல்லாம் சிப் டிரங்க், இன்டர்நெட் வழியா ஓடுற போன் இணைப்பு. லைனே இல்லாதபோது இந்தச் சண்டை எதுக்கு?

ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு என்றுதானே சேனல் விற்கிறார்கள்? கம்பி போனது, கணக்கு போகவில்லை. பழைய இ1 என்ற டிஜிட்டல் கேபிளில் பேச்சுக்கு 30 சேனல், அதே நூற்றுக்கு ஒரு எங்கேஜ்ட் அளவில் 20 எர்லாங் ஓடும். சிப்பில் 30 வாங்கினாலும் அதேதான்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்: சரிண்ணே, 8, 8, 4 போட்டுப் பாக்குறேன். ஆனா மாமா உதாரணம் எங்க வீட்டைத்தான் சொல்றீங்க.

எல்லார் வீட்டிலும் ஒருவர் உண்டு.

சுங்கை பட்டாணி வாசகர்: கடையில் நாளுக்கு 150 அழைப்பு. எத்தனை லைன்?

ஐயோ, தம்பி! நாளை காலை 10 மணிக்குப் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் நேரம், வைத்தால் நேரம், 11 வரை. ஒரு வாரம் எழுதிவிட்டு வாருங்கள்.