சீரம் சிவந்து வருகிறது: கோளாறு கையிலா, வழியிலா?

கேள்வி: எனக்கு வயது 24. மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து, ஒரு வருடம் லேபில் மெஷின் பக்கமே வேலை பார்த்தேன். இப்போது நான்கு மாதமாக ஒரு சுகாதார ஆய்வுக்காக மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போய் ரத்தம் எடுக்கிறேன். போன வாரம் 22 பேரிடம் எடுத்ததில் ஆறு பேருடைய சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் மஞ்சள் நீர்) சிவந்துவிட்டது என்று லேபில் தள்ளிவிட்டார்கள். ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் அதிகம் என்று வந்து, பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே எடுத்ததில் சரியாக இருந்ததாம். பாட்டிகள் "எங்க ரத்தத்தை விக்கிறீங்களாமே?" என்று கேட்கிறார்கள். மேலதிகாரி "இன்னும் வேகமா எடு" என்கிறார். எனக்குக் கை ராசி இல்லையா? பேசாமல் லேபுக்கே திரும்பிவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு,

கை ராசிப் பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். சீரம் சிவப்பதற்குக் காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடிக்கலாம். அந்த ஆறு டியூபும் எந்தத் தோட்டத்தில், எத்தனை மணிக்கு, எந்த ஊசியால் எடுத்தவை, எடுத்து எவ்வளவு நேரம் கழித்துச் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுற்றிச் சீரத்தைப் பிரிக்கும் மெஷினில்) சுற்றப்பட்டவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆறும் ஒரே தோட்டம் என்றால் வண்டியையும் பெட்டியையும் சந்தேகப்படுங்கள். ஆறும் பட்டர்ஃப்ளை ஊசி (இறக்கையும் மெல்லிய ரப்பர் குழாயும் கொண்டது) என்றால் ஊசியை. அங்கங்கே சிதறிக் கிடந்தால்தான் எடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெரியவரின் பொட்டாசியத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறோம். இந்த வேலையில் ஆளை அதிகம் அலைக்கழிப்பது அதுதான். பொய்யாகக் கூடிய பொட்டாசியத்துக்கு முக்கியமாக நாலு வழி உண்டு. முதல் இரண்டும் தம் அடையாளத்தை ரிப்போர்ட்டில் விட்டுவிட்டுப் போகும்.

சிவப்பணு உடைந்து உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டினால் சீரம் இளஞ்சிவப்பாகும், செல்லுக்குள் இருக்கும் என்சைம்களான எல்.டி.எச்.சும் ஏ.எஸ்.டி.யும் கூடவே ஏறியிருக்கும். ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ., சீரத்துக்கான மஞ்சள் மூடி ஜெல் டியூபுக்குள் கலந்துவிட்டால் சீரம் தெளிவாகவே இருக்கும். ஆனால் பொட்டாசியம் தாறுமாறாக ஏறி, கால்சியம் விழுந்து கிடக்கும். இ.டி.டி.ஏ. பொட்டாசிய உப்பாகச் சேர்க்கப்படுவது. கால்சியத்தைக் கவ்விக்கொள்வதுதான் அதன் வேலை. நிறமும் மாறவில்லை, கால்சியமும் சரி என்றால் மிச்சம் இரண்டு: நரம்பு எழும்ப ரப்பர் பட்டை கட்டிய கையை அவர் மூடித் திறந்து மூடித் திறந்து பிசைந்திருப்பார், அல்லது சுற்றாத ரத்தம் ஐஸில் நெடுநேரம் இருந்திருக்கும். குளிரில் செல்லின் பம்ப் நின்றுபோவதால் பொட்டாசியம் கசியும், செல் உடையாது, நிறம் காட்டிக்கொடுக்காது. அந்த ரிப்போர்ட்டை லேபில் திரும்ப வாங்கிக் கால்சியத்தைப் பாருங்கள். எந்த வழி என்று பாதி தெரிந்துவிடும்.

டியூப் வரிசையை மாற்றவே கூடாது என்பது இதனால்தான். முதலில் வெளிர்நீலம், அடுத்து சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். பட்டர்ஃப்ளையில் எடுத்து முதல் டியூப் வெளிர்நீலம் என்றால், அதற்கு முன் வீசுவதற்கென்றே ஒரு டியூபைப் போட்டு ரப்பர் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் ரத்தம் கோட்டுக்குக் கீழே நின்றுவிடும். வெளிர்நீல டியூபில் உறையாமல் தடுக்கும் மருந்து ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு; அளவு குறைந்தால் ரத்தம் உறையும் நேரம் தப்பாக வரும். ஒரு டியூபில் குறைந்ததை இன்னொன்றிலிருந்து ஊற்றி நிரப்புவது மட்டும் ஒருநாளும் வேண்டாம். ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு யாரோ ஊற்றியதால், அந்தப் பெரியவரைப் போல நடுங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இனி கைக்கு வருவோம். பட்டையை ஊசி குத்தும் இடத்துக்கு மேலே நாலு விரல் அகலம், அதாவது 7.5 முதல் 10 செ.மீ. தள்ளிக் கட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குமேல் கட்டி வைக்காதீர்கள். நரம்பு கிடைக்கவில்லையா, அவிழ்த்துவிட்டு இரண்டு நிமிடம் விட்டுத் திரும்பக் கட்டுங்கள். "கையை நல்லா மூடிப் பிடிங்கம்மா" என்று ஒருமுறை சொன்னால் போதும். ரத்தம் டியூபில் விழ ஆரம்பித்ததுமே பட்டையைத் தளர்த்துங்கள்.

தோட்டத்தில் நரம்பை (ரத்தம் எடுக்கும் குழாயை) கண்ணால் தேடாதீர்கள். கறுத்த, வெயில் தின்ற தோலில் நீலக்கோடு தெரியாது. முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலின் நுனியை வைத்து மெதுவாக அழுத்தி எடுங்கள். அழுத்தினால் இறங்கி, விட்டால் எழும்பும் மெத்தென்ற குழாய்தான் நரம்பு. கயிறுபோல் விறைத்து எழும்பாமல் இருப்பது தசைநார். துடித்தால் அது தமனி, அங்கே தொடவே வேண்டாம். நடுமடிப்பு நரம்பு முதல் தேர்வு, வெளிப்பக்கம் இரண்டாவது, சுண்டுவிரல் பக்கத்து உள்நரம்பு கடைசி. அதன் அடியில்தான் தமனியும் உணர்வு நரம்பும் ஓடுகின்றன. வயதான பாட்டிமாருக்கு நரம்பு நழுவும். குத்தும் இடத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, 30 பாகைக்கு மிகாமல் சாய்த்து ஊசியை இறக்குங்கள். மார்பக அறுவை செய்த பக்கத்துக் கையும், டயாலிசிஸுக்கு இணைப்பு வைத்த கையும் வேண்டாம். இரண்டு முறை குத்தியும் வரவில்லையென்றால் அடுத்தவரிடம் விடுங்கள். அவரும் இல்லையென்றால் "இன்னைக்கு வேணாம்மா, இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லி அனுப்புங்கள். "சுர்ருன்னு கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால் அந்த நொடியே ஊசியை வெளியே எடுங்கள்.

சிவப்பணு உடைவது பெரும்பாலும் சின்னச் சின்ன அவசரங்களில்தான். ஸ்பிரிட் துடைத்த இடம் காய 30 வினாடியாவது வேண்டும், ஊதிக் காயவைக்காதீர்கள். ஈரத்தில் குத்தினால் ரத்தமும் கெடும், எரிச்சலில் அவர் கையையும் இழுப்பார். 21 அல்லது 22 கேஜ் ஊசி போகும் நரம்பில் அதைவிட மெல்லிய 23-ஐ எடுக்காதீர்கள். சிரிஞ்சில் எடுக்க நேர்ந்தால் பிஸ்டனை வெடுக்கென்று இழுக்காதீர்கள், டியூபுக்குள் அழுத்தித் தள்ளாதீர்கள். சிரிஞ்சிலிருந்து டியூபுக்கு இடம் மாற்றும் கருவியைப் பொருத்தி டியூபின் வெற்றிடமே இழுத்துக்கொள்ள விடுங்கள். எடுத்த டியூபைக் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்: வெளிர்நீலம் 3 அல்லது 4 தடவை, மஞ்சள் 5, பச்சை, ஊதா, சாம்பல் மூன்றும் 8 முதல் 10 வரை.

"வேகமா எடு" என்கிற மேலதிகாரிக்கு என்ன சொல்வது? வேகத்தை ஊசி முனையில் தேடக்கூடாது என்பது எங்கள் எண்ணம். பெயர் பதிவு, ஒப்புதல், பசியாறிய நேரம் கேட்பது ஆகியவற்றுக்கு இன்னொரு ஆளைக் கேளுங்கள். ஆறு டியூப் வீணானால் ஆறு பேரை மறுபடி பட்டினி கிடக்கச் சொல்லிக் குத்த வேண்டும். அந்தக் கணக்கை அவர்முன் வையுங்கள், புரிந்துகொள்வார்.

டியூபில் ஒட்டும் ஸ்டிக்கரை எடுப்பதற்கு முன்பே ஒட்டி வைக்காதீர்கள். எடுத்து முடித்ததும், அவர் எதிரிலேயே, ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் முழுப் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, பாரத்தில் சரிபார்த்து ஆய்வு எண்ணை ஒட்டுங்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று லெட்சுமி இருப்பார்கள், "லெட்சுமிதானே?" என்று கேட்டால் மூவருமே "ஆமா" என்பார்கள்.

அடுத்தது பசியாறுவது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வந்துவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அந்த நேரத்தை மாற்ற முடியாது. 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லிவிட்டு, வெட்டி முடித்து பத்து மணிக்கு வரும்போது எடுத்தால் இரண்டு தவறு: உடம்பில் தண்ணீர் வற்றி நரம்பு சுருங்கியிருக்கும், அத்தனை மரம் நடந்த தசையால் சி.கே. என்ற தசை என்சைம் ஏறியிருக்கும். பெரட்டுக்கு முன்னால் எடுங்கள், அல்லது ஓய்வு நாளில். மழை பெய்து மரம் நனைந்த காலையில் பால்வெட்டு இருக்காது. அன்று ஆள் கிடைப்பார்கள். செம்பனை வெட்டுகிறவர்களுக்கும் வேலைக்கு முன்புதான் நல்லது. "வெறும் வயிறு" என்றால் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும் என்று முதல்நாளே சொல்லுங்கள். கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடித்தால் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். "கோப்பி, தே, மைலோ எதுவும் வேண்டாம், பச்சைத்தண்ணி மட்டும்" என்று பொருளைப் பெயர் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். வந்தவரை 15 நிமிடம் உட்காரவைத்த பிறகு எடுங்கள். நின்றுகொண்டே இருந்தவருக்கு ரத்தத்தின் நீர் குறைந்து கொழுப்பு அளவு கூடுதலாகக் காட்டும்.

வழியில் கெடுவது தனிக் கதை. மஞ்சள் மூடி டியூப் அறை வெப்பத்தில் நிமிர்ந்து நின்று 30 நிமிடம் உறைய வேண்டும், எடுத்து 2 மணி நேரத்துக்குள் சுற்றியிருக்க வேண்டும். சுற்றுவதற்கு முன் ஐஸ் கூடாது. வெயிலில் நிறுத்திய கார் பூட்டும் கூடாது. சுற்றாமல் வைத்த ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், சூட்டில் இன்னும் வேகம். சாம்பல் மூடியில் சர்க்கரை குறையாமல் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அது முழுதாக வேலை செய்ய ஒன்று இரண்டு மணி நேரம் பிடிக்கும், அதற்குள் கொஞ்சம் குறைந்துவிடும். உங்கள் ஆய்வு நீரிழிவைப் பற்றியது என்றால் இது பெரிய விஷயம். செம்மண் ரோட்டில் ஒரு மணி நேரம் குலுங்கி லேபுக்கு வருவதைவிட, மேசைமேல் வைக்கும் சின்ன சென்ட்ரிஃபியூஜை பாலாய்ராயாவுக்கோ (ஊர்ப் பொது மண்டபத்துக்கோ) கோயில் மண்டபத்துக்கோ கொண்டுபோய் அங்கேயே சுற்றிவிடுவது எவ்வளவோ மேல். ஆய்வுப் பணத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கே மேசை சமமாக இருக்கட்டும், எதிரெதிர் டியூப் ஒரே எடையாக இருக்கட்டும். 1000 முதல் 1300 ஜி, 10 நிமிடம். ஜி (சுழற்சி தரும் விசை) வேறு, நிமிடச் சுற்று வேறு: ரோட்டரின் ஆரம் 10 செ.மீ. என்றால் 1300 ஜிக்கு ஏறக்குறைய 3400 சுற்று, 15 செ.மீ. என்றால் 2800 சுற்றே போதும். லேப் மெஷினின் எண்ணை அப்படியே சின்ன மெஷினில் வைப்பதால்தான் ஜெல் சரியாக அடைக்காமல் போகிறது. அடைக்கவில்லையே என்று ஜெல் டியூபை இரண்டாம் தடவை சுற்றாதீர்கள். ஜெல்லுக்கு அடியில் கசிந்த பொட்டாசியம் மேலே ஏறிவிடும். ஜெல் ஒழுங்காக அடைத்த பிறகு குளிர்ப்பெட்டிக்குள் போகலாம். அப்போதும் டியூப் ஐஸ் கட்டியைத் தொடாதபடி நடுவே அட்டையோ துண்டோ வையுங்கள்.

பாட்டிகள் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலம்பூரா அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனவர்களைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஊசியைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் காலி டியூப்களை அவர்கள் கையில் கொடுங்கள். மொத்தம் 20 மி.லி. என்றால் சாப்பாட்டுக் கரண்டி ஒன்றும் கொஞ்சமும். ரத்த தானம் செய்கிறவரிடம் 350 அல்லது 450 மி.லி. எடுப்பார்கள் என்று சொல்லுங்கள். மீதி ரத்தம் எங்கே போகும், எத்தனை வருடம் ஃப்ரீஸரில் இருக்கும், வேண்டாமென்றால் எப்படி விலகலாம் என்பதைத் தமிழில், அவர்கள் பேசும் தமிழில் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது பக்கத்தில் நிற்கும் சாட்சி மண்டோராகவோ (மேற்பார்வையாளர்) கிராணியாகவோ (தோட்டக் கணக்கர்) இருக்கக் கூடாது. மேனேஜ்மெண்ட் ஆள் நிற்கும்போது வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. யாருடைய ரிசல்ட்டும் தோட்ட ஆபீசுக்குப் போகாது என்றும் சொல்லுங்கள், அதன்படி நடந்தும் காட்டுங்கள்.

அந்தப் பெரியவரிடம் நேரில் போய், "ஐயா, நாங்க எடுத்த முறையிலகூட அது கூடியிருக்கலாம்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு எண் வந்தாலும், எடுத்ததில்தான் பிழை என்று நீங்களே முடிவு கட்டி விட்டுவிடாதீர்கள். நிஜமாகவே கூடியிருந்தால் இதயத்துக்கு ஆபத்து. ஆய்வு மருத்துவருக்கு உடனே தெரிவித்து, அன்றைக்கே திரும்ப எடுக்க வழி செய்யுங்கள்.

உங்கள் பாதுகாப்பையும் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள்; ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டு, ஒன்று இரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி 10 mIU/mL-ஐத் தாண்டியதா என்று பார்த்தீர்களா? குத்திக்கொண்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

லேபுக்குத் திரும்புவதை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். மெஷின் பக்கம் இருந்து தோட்டத்துக்கு வந்த நீங்கள்தான், எடுக்கும் இடத்துப் பிழை ரிப்போர்ட்டில் எப்படித் தெரியும் என்று இரண்டு பக்கமும் பார்க்கக்கூடியவர். இந்த வாரமே பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள். ஒவ்வொரு டியூபுக்கும் குத்திய நேரம், சுற்றிய நேரம், ஊசி அளவு மூன்றையும் பாரத்தில் குறியுங்கள். இரண்டாம் குத்தில் எடுத்தது, கை பிசைந்தது, கோப்பி குடித்துவிட்டு வந்தது என்று நடந்ததையும் மறைக்காமல் பக்கத்திலேயே எழுதுங்கள். தள்ளப்பட்ட டியூப்களின் ஹீமோலைசிஸ் எண்ணை (சிவப்பணு எவ்வளவு உடைந்தது என்று காட்டும் அளவை) லேபில் கேட்டு வாங்கி, அந்தப் பாரத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.