மெஷினை விடுங்கள், முதலில் கடிதங்களை எடுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை ஆறுதலாக இருந்து வாசித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம், பிறகு உளவளத்துணை டிப்ளோமா, இப்போது வலிகாமத்தில் ஒரு ஆதார வைத்தியசாலையில் வேலை. கணவரின் ஸ்பொன்சர் சரிவந்து, சித்திரை கழியக் கனடாவில் ஸ்காபுரோவுக்கு வரப்போகிறீர்கள். இதற்கிடையில் ஒருவர், மூளை அலையைத் திரையில் காட்டிப் பழக்கும் நியூரோஃபீட்பேக் என்ற முறைக்கான கோர்ஸையும் மெஷினையும் சேர்த்துத் தருகிறாராம். சேர்ட்டிபிக்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கனடாவில் வீட்டிலேயே கிளினிக் போடலாம் என்கிறாராம். காசு கட்டட்டோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாதீர்கள். நான் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற உளசிகிச்சையாளர். வேலை நாளில் பாதி, உடம்பின் மாற்றத்தை அளந்து காட்டும் பயோஃபீட்பேக் கருவியோடுதான் போகிறது. அந்த வேலையில் எனக்குச் சரியான பற்று. அதனால்தான் இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

மெஷினை வாங்குவது பெரிய காரியமில்லை. நியூரோஃபீட்பேக் செய்கிறவர் என்ற பெயருக்குத் தனியான சட்டக் காப்பும் இல்லை. ஆனால் கதவைத் தட்டி வருகிறவர் மெஷினைத் தேடி வருவதில்லை. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, போர்க்காலத்தில் பங்கருக்குள் இருந்தது இன்னும் கனவில் வருகிறது என்றுதான் வருகிறார். பாரதூரமான மனவருத்தத்தோடு வந்தவருக்கு உளசிகிச்சை செய்வது ஒன்ராறியோவில் 2017 டிசம்பர் 30 முதல் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட செயல். அதற்குரிய ஒழுங்குமுறைக் கல்லூரி ஒன்றில் பதிவு இருக்கவேண்டும். கல்லூரி என்றால் பள்ளிக்கூடம் இல்லை, தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு. யாருக்குப் பதிவு இருக்கிறது என்று எவரும் அதன் பட்டியலில் பார்க்கலாம்.

காசு விஷயமும் அதோடு ஒட்டியது. குடும்ப டொக்டர் அனுப்பினால் மனநல மருத்துவரைப் பார்க்கும் செலவை ஓஹிப் என்ற மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி ஏற்கும். தனியார் உளசிகிச்சையையும் நியூரோஃபீட்பேக்கையும் ஏற்காது. சனங்கள் வேலையிடத்து இன்சூரன்ஸை நம்பித்தான் வருகிறார்கள். அந்தக் கொம்பனி ரசீதில் உங்கள் பதிவு இலக்கத்தைத் தேடும்.

இந்தத் துறைக்கென்று மதிப்பான சான்றிதழ் இருக்கிறது. 1981இல் தொடங்கிய பி.சி.ஐ.ஏ. என்ற அமைப்பு கொடுப்பது. படிப்பு, அனுபவசாலி ஒருவரின் வழிகாட்டலில் பயிற்சி, பரீட்சை எல்லாம் உண்டு. அவர்களே, வருத்தத்துக்குச் சிகிச்சை செய்வதென்றால் லைசன்ஸ் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் லைசன்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் செய்யவேண்டும் என்கிறார்கள்.

இனி வேலையைப் பற்றி. பயோஃபீட்பேக் என்றால் உடம்பு செய்வதை உடம்புக்காரருக்கே காட்டுவது. தசை இறுக்கம், விரல் சூடு, வியர்வை, மூச்சு, இதயத்துடிப்பு எல்லாவற்றையும் சென்சர் வாங்கித் திரையில் கோடாகப் போடும். தலையிடியோடு வந்த ஒரு அம்மாவின் தோள்மூட்டில் சென்சர் ஒட்டினோம். “நான் இப்ப ஆறுதலாத்தான் இருக்கிறன்” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க, கோடு மேலே ஏறியே நின்றது. மகனின் பேச்சு வர இன்னும் ஏறியது. திரையைப் பார்த்துவிட்டு, “இதுவோ பிள்ளை என்ர தலையிடி?” என்று கேட்டார். அன்றே தோளை இறக்கப் பழகத் தொடங்கிவிட்டார். தசை இறுக்கத் தலையிடிக்கும் ஒற்றைத் தலையிடிக்கும் இந்த முறை உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சிறுநீர் கட்டுப்படாத பெண்களுக்கு இடுப்படித் தசைப் பயிற்சியிலும் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பெண்கள் அதை வாய்திறந்து சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்கவேண்டி வரும்.

மூச்சுப் பயிற்சியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சுக்கு இறக்குவோம். அந்த வேகத்தில் இதயத்துடிப்பு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். உங்களுக்கு இது புதிதில்லை. மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலேயே மூச்சுப் பயிற்சியையும் செபத்தையும் தசைத் தளர்வையும் யாழ்ப்பாணத்தில் சிகிச்சையோடு சேர்த்தார்கள். நீங்கள் வார்ட்டில் சொல்லிக்கொடுப்பதுதான் அடிப்படை. மெஷின் அதை அளந்து காட்டுகிறது, அவ்வளவுதான்.

நியூரோஃபீட்பேக் இதே முறையை மூளை அலையை வைத்துச் செய்வது. 1960களில் கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் பூனைகளுக்கு, நொடிக்கு 12 முதல் 15 தடவை துடிக்கும் மூளை அலையைக் கூட்டப் பழக்கினார். ரொக்கெட் எரிபொருளில் உள்ள ஒரு நச்சுப்பொருளால் வரும் வலிப்பை அந்தப் பூனைகள் கூடுதலாகத் தாங்கின. அங்கிருந்துதான் வலிப்பு நோய்க்கும், பிறகு கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்கும் வந்தது. பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கவலை இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், உண்மைப் பயிற்சியா போலிப் பயிற்சியா என்று பெற்றோருக்கும் தெரியாமல் ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் முன்னேறினார்கள், ஆனால் உண்மைப் பயிற்சி போலியை வெல்லவில்லை. இது தெரிந்தும் 40 தடவைக்கான காசை முன்கூட்டியே தாய் தகப்பனிடம் வாங்குவது சரியென்று எனக்குப் படவில்லை. அந்த இடத்தில் நீங்கள் நிற்கவேண்டாம்.

தலையில் எண்ணெய் இருந்தால், மூளை அலையை எடுக்க ஒட்டும் எலெக்ட்ரோட் சரியாகப் பிடிக்காது. தமிழ் ஆட்களுக்கு நேரம் கொடுக்கும்போதே, முழுகி எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சொல்லவேண்டும். மாசி மாதத்தில் வெளியிலிருந்து வந்த கையில் உடனே சென்சரைக் கட்டினால் பதற்றம் என்று பிழையாக நினைத்துவிடுவீர்கள். குளிரில் விரல் விறைத்துத்தான் இருக்கும். இதையெல்லாம் ஒருவரின் பக்கத்தில் இருந்துதான் பழகவேண்டும்.

இங்கே உளசிகிச்சையாளராவதற்கு முதுமாணி மட்டப் படிப்பு வேண்டும். முழுப் பதிவுக்கு 450 மணி நேரம் வருகிறவர்களோடு நேரடி வேலை, 100 மணி நேர மேற்பார்வை, ஒரு பரீட்சை. வருடக் கணக்காகும், மறைக்கவில்லை. படிக்கிற காலத்தில் குடிவந்தோர் உதவி நிலையங்களிலும் சமூக நல அமைப்புகளிலும் தமிழ் தெரிந்த ஆட்களுக்கு வேலை உண்டு. சம்பளம் பெரிதில்லை, ஆனால் அந்த அனுபவம் படிப்புக்கு விண்ணப்பிக்க உதவும்.

அதனால் மெஷின்காரருக்குக் கொடுக்கவிருந்த காசைப் பத்திரமாக வையுங்கள். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய், பாடவாரியாகப் புள்ளி காட்டும் டிரான்ஸ்கிரிப்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேரே அனுப்பவேண்டும் என்கின்றன, கனடாவிலிருந்து அதைத் துரத்துவது பெரிய அலைச்சல். டிப்ளோமாவின் பாட விபரத்தை ஒவ்வொரு அலகாக எடுங்கள். வைத்தியசாலையில் எத்தனை மணி நேரம் ஆட்களைப் பார்த்தீர்கள், யார் மேற்பார்த்தார் என்று கடிதத் தலைப்பில், கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். பொறுப்பான டொக்டர் இடமாற்றம் பெற்றுப் போகமுதல் கேளுங்கள். பாட விபரம் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், இங்கத்தைய படிப்புகளில் எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.