சட்டம் கேளுங்கள்: நடுக்கடலில் படகை நிறுத்தும் போலீஸார்

கேள்வி: என் அண்ணன் மகன் நண்பர்களுடன் சேர்ந்து, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து ஒரு சிறிய மோட்டார் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உல்லாசமாகச் சுற்றி வரப் போயிருந்தான். வழியில் ரோந்துப் படகில் வந்த போலீஸார் இருவர் ஏறி, லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணி, படகோட்டியின் சான்றிதழ்களைப் பார்த்தார்கள். அதன்பின் பிள்ளைகளின் பைகளையும் திறக்கச் சொன்னார்களாம். அமெரிக்காவில் இதற்குக் காரணமே தேவையில்லை என்கிறார் அங்கிருக்கும் என் மைத்துனர். இங்கே சட்டம் என்ன?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது அந்த நாட்டைப் பொறுத்தவரை சரிதான். அங்கே கடலோரக் காவல்படையினர் சந்தேகம் எதுவும் இல்லாமலேயே படகில் ஏறிப் பாதுகாப்புச் சாதனங்களைச் சோதிக்கலாம். ஆவணங்களைப் பார்ப்பதற்காகச் சுங்க அதிகாரிகள் அவ்வாறு ஏறியதையும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1983இல் ஏற்றுக்கொண்டது. நம் சட்டம் வேறு வழியில் செல்கிறது.

படகு கடலில் செல்லத் தகுதியானதா என்று பார்ப்பது இங்கே முதன்மையாகப் போலீஸாரின் வேலை அன்று. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், 2021 அந்தப் பொறுப்பை, படகுகளைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயர்களிடம் தந்திருக்கிறது; நம் மாநிலத்தில் படகுகளின் பதிவையும் சர்வேயையும் கவனிப்பது மகாராஷ்டிரா கடல்சார் வாரியம். ஆகவே எஞ்சினைப் பிரித்துப் பார்த்துத் தகுதிச் சான்று தருவதோ மறுப்பதோ ஒரு காவலரால் இயலாது.

அப்படியானால் அவர் எந்த அதிகாரத்தில் ஏறினார் என்ற கேள்வி எழும். குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆவது பிரிவு, பயணிகளின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் உள்ள படகிலோ அளவுக்கு மீறிப் பாரமேற்றிய படகிலோ, அறிந்தோ கவனக்குறைவாலோ, கூலிக்கு ஆட்களை ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்குகிறது. 282ஆவது பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கண்மூடித்தனமாகப் படகு ஓட்டுவதைப் பற்றியது. அது வாடகைப் படகுக்கும் சொந்தப் படகுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். இரண்டிலும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. இரண்டுமே போலீஸார் வாரண்ட் இல்லாமல் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள். இத்தகைய குற்றம் நடக்காமல் தடுப்பது காவலரின் கடமை என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்யும்போது அவர் தரும் சட்டபூர்வமான உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது 172ஆவது பிரிவு. படகை நிறுத்துவதும், தலைகளை எண்ணுவதும், லைஃப் ஜாக்கெட் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பதும், சான்றிதழ்களைக் கேட்பதும் இந்த வரம்புக்குள் அடங்கும் என்பதே என் கருத்து.

மும்பையில் இதற்குக் கூடுதல் காரணங்களும் உண்டு. 2008 நவம்பர் 26 அன்று தாக்குதல் நடத்தியவர்கள், கைப்பற்றிய மீன்பிடிப் படகில் வந்து, ரப்பர் படகில் மாறித்தான் கொலாபாவுக்கு அருகே கரையேறினார்கள். கரையை ஒட்டிய கடலில் காவல்துறையின் ரோந்து அதன்பிறகு பெரிதும் இறுக்கப்பட்டது. 2024 டிசம்பர் 18 அன்று, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு மோதி, எலிஃபண்டா தீவுக்குச் சென்றுகொண்டிருந்த ‘நீல் கமல்’ என்ற பயணிகள் படகு கவிழ்ந்தது. மோதலுக்குக் காரணம் அந்தப் பயணிகள் படகன்று. ஆனால் அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகமானோர் அதில் இருந்தார்கள். கேட்வேயில் லைஃப் ஜாக்கெட் அணிவது கட்டாயமாக்கப்பட்டது அதன்பிறகுதான். (வெயிலைச் சொல்லி அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் மக்களை விட்டுப் போகவில்லை என்பது வேறு கதை.)

பைகளைத் திறக்கச் சொன்னதுதான் சிக்கலான இடம். லைஃப் ஜாக்கெட் தோள்பைக்குள் இருக்காது. பாதுகாப்பைப் பார்க்க ஏறியவர் உடைமைகளைத் தேட வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சட்ட ஆதாரம் வேண்டும். ஒரு குற்றத்தை விசாரிக்கும்போது வாரண்ட் இல்லாமல் தேடுவதற்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் தேடுவதற்கான காரணத்தை அதிகாரி முன்னதாக எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105ஆவது பிரிவு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 106ஆவது பிரிவிலும் தனி அதிகாரங்கள் உள்ளன. பின்னது சுங்க அதிகாரிகளுக்குரியது. இவற்றில் எதைக் கொண்டு தேடுகிறீர்கள் என்று அமைதியாகக் கேட்பதில் தவறில்லை. கையைப் பிடித்துத் தடுப்பதுதான் தவறு; அது அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு செய்த வழக்காக, நியாய சன்ஹிதாவின் 221 அல்லது 132ஆவது பிரிவில் போய் முடியும். ஆட்சேபத்தை வாயால் சொல்லிவிட்டு, அதிகாரியின் பெயரையும் பதவியையும் ரோந்துப் படகின் எண்ணையும் குறித்துக்கொண்டு, கரைக்கு வந்தபின் மேலதிகாரியிடம் எழுத்தில் புகார் தரலாம். ஏதேனும் பொருளை எடுத்துச் சென்றிருந்தால், கைப்பற்றல் பட்டியலின் நகலை அண்ணன் மகன் உடனே கேட்டுப் பெறட்டும்.

கேள்வி: சொந்தப் பாய்மரப் படகில் படுக்கை அறை இருந்தால், அதை வீடாகக் கருத முடியுமா?
– வாசகர், வாஷி

பதில்: சட்டம் ‘இடம்’ என்று சொல்லும்போது வீடு, கட்டடம், கூடாரம், வாகனம், கப்பல் எல்லாவற்றையும் அதில் சேர்த்தே சொல்கிறது. வீட்டுக்குரிய தேடுதல் விதிகள், அதாவது அப்பகுதியைச் சேர்ந்த சாட்சிகள் இருவராவது வேண்டும் என்பதும், பெண்களைப் பெண்ணே சோதிக்க வேண்டும் என்பதும் உட்பட, உங்கள் அறைக்கும் பொருந்தும். மேல்தளத்தில் நின்று லைஃப் ஜாக்கெட்டைக் காட்டச் சொல்லும் காவலரை அந்த விதிகளைச் சொல்லி இறக்கிவிட முடியாது.