கேளுங்கள் சொல்கிறேன்: ஜெர்மன் பக்கம்

என் பெயர் விஜயா. ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. பெயரை மொழிபெயர்த்து 'ஸீக்' என்று சொல்லிக்கொண்டால் அவர்களுக்குச் சுலபமாக இருக்காதா?

வேண்டாம் அம்மா. வெற்றிக்கு ஜெர்மனில் 'ஸீக்' என்பது சரிதான். ஆனால் அதைப் பெயராகச் சொன்னால் ஹிட்லர் காலத்து முழக்கம் பலருக்கு நினைவு வரும். ஆட்களின் பெயரை ஜெர்மானியர்களே இப்போது பெரும்பாலும் மொழிபெயர்ப்பதில்லை. போப் பிரான்சிஸை 'ஃப்ரான்ஸிஸ்குஸ்' என்றார்கள். அது போப்புகளுக்கான வழக்கம். பிரிட்டன் மன்னர் சார்லஸ் அங்கேயும் சார்லஸ்தான், 'கார்ல்' ஆகவில்லை.

உங்களுக்கு வரப்போவது உச்சரிப்புச் சிக்கல். ஜே எழுத்தை அவர்கள் 'ய' என்று படிப்பார்கள், நீங்கள் 'வியயா' ஆகிவிடுவீர்கள். வி எழுத்தைச் சிலர் 'ஃப' என்றும் ஒலிப்பார்கள். முதல் நாளே திருத்துங்கள், தயங்கவே வேண்டாம். 'ஜங்கிள்' என்ற சொல் அவர்களிடமும் உண்டு. அதில் வரும் 'ஜ' என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். என் மாணவிகளுக்கு நான் சொல்லி அனுப்புவது இதைத்தான்.

ஆனால் உச்சரிப்புக்காக எழுத்துக்கூட்டலைத் தொடாதீர்கள். வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, குடியிருப்பு அனுமதி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். அப்புறம், குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால், 'ஃப்ராவ்' என்று போட்டு அப்பா பெயருக்குக் கடிதம் வரும். அது உங்களுக்குத்தான், பிரித்துப் படியுங்கள்.

அன்றாடப் பொருள்களின் ஜெர்மன் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன். வாக்கியம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஏன்?

பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் அதன் பாலைக் காட்டும் டேர், டீ, டஸ் இருக்கிறதா? அவை இல்லாமல் படித்தது பாதிப் படிப்பு. ஒரே மேசையில் கரண்டி ஆண்பால், 'டேர் லொஃபெல்'. முள்கரண்டி பெண்பால், 'டீ காபெல்'. கத்தி இரண்டிலும் சேராது, 'டஸ் மெஸ்ஸர்'. பொருளைப் பார்த்துப் பால் சொல்ல முடியாது. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஹென்' கூட டஸ்தான், 'ஹென்' என்று முடியும் செல்லச் சொற்கள் எல்லாமே அப்படி. 'கரண்டியைக் கொடு' எனும்போது டேர் 'டென்' ஆகும், மற்ற இரண்டும் மாறா. நீங்கள் தடுமாறுவது இங்கேதான். பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஜெர்மன் மருமகனின் குடும்பப் பெயர் ம்யூல்லர். பாஸ்போர்ட்டில் மேலே யூ எழுத்தின் மீது இரண்டு புள்ளி, கீழே யூ, இ என்று இரண்டு எழுத்து. எது சரி?

இரண்டும் சரி. கீழ்வரி இயந்திரம் படிப்பது, அதில் புள்ளி வைக்க முடியாது. விமான டிக்கெட்டுக்குக் கீழ்வரியில் உள்ளதைக் கொடுங்கள்.