உந்தத் தமிழுக்கு என்ன குறை?

அன்புள்ள ஐயா,
இலங்கையின் வடக்கில் உள்ள மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்க விருப்பம். ஒலியியல், தொடரியல், சமூக மொழியியல், கணினி மொழியியல் என்று நிறையக் கிளைகள் இருக்கின்றன. எதை எடுத்தால் வேலை கிடைக்கும்? எங்கள் பேச்சு கொச்சை என்பதால் களஆய்வுக்கு வேறு ஊருக்குத்தான் போக வேண்டுமா?
ஒரு மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,

வேலையைப் பற்றி அங்கே படித்து முடித்தவர்களைக் கேள். கிளையை இப்போதே தெரிவு செய்ய வேண்டாம், முதலில் எல்லாவற்றையும் படி.

ஆனால் 'கொச்சை' என்று எழுதினாயே, அதுதான் எனக்குக் கோபம். மொழியியல் படிக்க ஆசைப்படுகிற பிள்ளை எழுதுகிற சொல்லா அது?

பள்ளிக்கூடத்தில் நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். 'உங்கை மழையோ?', அதாவது நீ இருக்கிற இடத்தில் மழையோ என்று தொடங்கினேன். வாத்தியார் சிவப்பு மையால் வெட்டி, காட்டுத் தமிழ் என்று வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். அந்த வெட்கம் கனகாலம் போகவில்லை. பிறகு தொல்காப்பியம் நூன்மரபில் 'அ இ உ அம்மூன்றும் சுட்டு', அதாவது மூன்றும் சுட்டிக் காட்டும் எழுத்துகள் என்று கண்டபோது, அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

தமிழ்நாட்டுப் பேச்சில் பொதுவாக இரண்டு சுட்டுத்தான் மிஞ்சியது. இலங்கையின் வடக்கில் எங்களிடம் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. என் கையில் இருப்பது இது, உன் கையில் இருப்பது உது, இருவருக்கும் எட்டத்தில் இருப்பது அது. நீ சொன்ன கதையையும் 'உது எனக்குத் தெரியும்' என்று சுட்டலாம். சிங்களத்திலும் கேட்பவர் பக்கம் உள்ளதற்கு 'ஓய' என்று தனியாக ஒன்று உண்டு. பக்கத்து மொழியிலும் அப்படி இருந்ததால்தான் எங்கள் உகரம் நிலைத்ததா? இந்த ஒரு எழுத்தைப் பிடித்தால் உருபனியல் (சொல்லின் அமைப்பு), பொருண்மையியல் (சொல்லின் பொருள்), வரலாற்று மொழியியல் எல்லாவற்றுக்குள்ளும் போக வேண்டியிருக்கும்.

இதற்கு வேறு ஊர் எதற்கு? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள். இப்போது பேரப்பிள்ளைகள் 'உது' என்கிறார்களா? வீட்டில் ஒரு மாதிரியும் வெளியில் ஒரு மாதிரியும் பேசுகிறார்களா? சமூக மொழியியல் உன் படலையடியிலேயே இருக்கிறது, பிள்ளை.

அப்புறம் ஒன்று. 'உது என்று சொல்வீர்களா?' என்று நேரே கேட்காதே. கொச்சை என்று பயந்து இல்லை என்பார்கள். சம்மதம் கேட்டு, போனில் பதிவு செய். ஒரு சாமானை அவர் பக்கம், ஒன்றை உன் பக்கம், ஒன்றை எட்டத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தரும்படி உன்னிடம் கேட்கச் சொல். பக்கத்து வீட்டு ஆச்சியிடமிருந்து தொடங்கு.